பச்சிலை எண்ணெய் வேலை செய்த விதம்

வீட்டில் எலியைக் கண்டால் நான் கட்டில் மேல் ஏறி நின்றுகொள்வேன். மருந்தியல் கல்லூரியின் விலங்குக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கூண்டு எலி வேறு, வீட்டு எலி வேறு, மேடம். கூண்டு எலிக்கு வாலில் எண் இருக்கும், வேளைக்குச் சாப்பாடு வரும், போவதற்கு வேறு இடம் இருக்காது. அதனால் நல்ல சுபாவத்தோடு இருக்கும். வீட்டு எலிக்கு இந்த மூன்றும் கிடையாது, அது இஷ்டத்துக்கு ஓடும்.

எட்டுத் தாளும் ஒரு பேனாவும் கொடுத்து, "நடந்தத நடந்தபடி எழுதுங்க, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஸ்டேஷனில் எழுதுவது கோர்ட்டில் நிற்காது, நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் நீங்களே சொன்னீர்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. இரண்டு தடவை சொல்வதில் எனக்குச் சிரமமில்லை. கூண்டுச் சீட்டு எழுதி எழுதி என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும், உங்கள் எழுத்தருக்கும் வேலை மிச்சம். அவர் தப்பாக நினைக்கக் கூடாது, வாசலில் அவர் எழுதி ஒட்டியிருக்கும் அறிவிப்பில் மூன்று பிழை இருக்கிறது.

என் பெயர் சலோமி. வயது ஐம்பத்து நாலு. கணவர் சவரிநாதன் காலமாகி ஆறு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. காலை எட்டு மணிக்குக் கூடத்தைத் திறப்பேன். கூண்டுகளில் உமி மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது, எடை பார்த்து எழுதுவது, செத்ததைத் தனியே எடுத்துவைப்பது, இவையெல்லாம் என் வேலை. உமி குரும்பகரத்து மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். கூடத்துக்குப் பொறுப்பு பேராசிரியர் கிளாட்வின் சார். மாதம் ஒரு தடவை வருவார். வாசலிலேயே நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "விலங்குகளோட நலன்தான் நமக்கு முதல்ல, சலோமி" என்பார். "ஆமாங்க சார்" என்பேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். விலங்குகளும் அவரை எதிர்பார்த்ததில்லை.

அறிவுமதி எங்கள் கூடத்துக்கு வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால், மாங்கனித் திருவிழா லீவு முடிந்த மறுநாள். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். சொந்த ஊர் சுரக்குடி. அப்பா இளையபெருமாள் நடவு, களை, அறுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவர். அவர்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவள் இவள் ஒருத்திதான். எலியைத் தூக்கத் தெரியாது. முதல் நாள் ஒரு எலி அவள் கையில் ஒன்றுக்குப் போனதும் எலியையே பார்த்து "சாரி" என்றாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவளுடைய ஆராய்ச்சி திருநீற்றுப்பச்சிலை எண்ணெய் பற்றியது. கதம்ப மாலையில் கட்டுவார்களே, அந்த இலைதான். ஏன் அதை எடுத்தாய் என்று கேட்டேன்.

"எங்கம்மா அல்லி இருக்காங்கல்லக்கா, கஜா புயல்ல வீடு சரிஞ்சதுலேருந்து காத்து லேசா அடிச்சாலே எந்திரிச்சு எந்திரிச்சு கதவப் பாப்பாங்க. கொல்லையில அப்பா போட்ட பச்சிலையக் கிள்ளி மோந்துக்கிட்டு உக்காந்தாத்தான் கொஞ்சம் அடங்குவாங்க. அதுல என்னமோ இருக்குக்கா. அத நான் காட்டணும்."

காட்டணும் என்று சொல்லும்போது பேனா மூடியைக் கடித்தாள். அவளுடைய பேனா எதற்கும் மூடி முழுசாக இருந்ததில்லை.

இளையபெருமாள் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டியில் பச்சிலைக் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்குவார். வண்டி போகும் வழியெல்லாம் மணக்கும். இரண்டு கட்டு இலையைக் காய்ச்சி வடித்தால் கண்மை டப்பா அளவுக்கு எண்ணெய் கிடைக்கும். அதை அவள் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, இருக்கிறதா என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பாள்.

சோதனை சுலபமானதுதான். இடுப்பு உயரத்தில் கூட்டல் குறி மாதிரி ஒரு மேடை. அதில் இரண்டு கைக்குச் சுவர் உண்டு, இரண்டு கை திறந்திருக்கும். பயந்த எலி சுவர் உள்ள பக்கமே ஒண்டிக்கொள்ளும். பயம் குறைந்த எலி திறந்த பக்கத்துக்கு வந்து எட்டிப் பார்க்கும். ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நேரம் வெளியே நின்றது என்பதுதான் கணக்கு. எலிகளை மூன்றாகப் பிரிப்போம். ஒரு கூட்டத்துக்கு மணமில்லாத வெறும் எண்ணெய், ஒரு கூட்டத்துக்குப் பச்சிலை எண்ணெய். மூன்றாவதற்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் பதற்ற மாத்திரை. பஞ்சில் எண்ணெயை விட்டு மூடிய பெட்டியில் எலியை அரை மணி நேரம் உட்கார வைத்து, பிறகு மேடையில் விட வேண்டும்.

எந்த எலி எந்தக் கூட்டம் என்று ஆராய்ச்சி செய்கிறவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்குமாம். அதனால் வேறொருவர் கூட்டம் பிரித்து, எண் மாற்றி, குறிப்பை உறையில் போட்டு ஒட்டிவைக்க வேண்டும். அந்த வேறொருவர் நான். பெட்டியில் உட்கார வைப்பதும் நான், புட்டியில் தண்ணீர் வைப்பதும் நான். அவள் அடுத்த அறையில் கேமராவில் மட்டும் பார்ப்பாள். விஞ்ஞானத்தில் இவ்வளவு நம்பிக்கையை என்மேல் அதுவரை யாரும் வைத்ததில்லை.

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. பச்சிலை எண்ணெய் மோந்த எலிகளும் மோக்காத எலிகளும் ஒரே மாதிரி மூலையில் போய் உட்கார்ந்தன, வருகைப் பதிவு எடுக்கும்போது கடைசி பெஞ்சில் உட்காரும் பையன்கள் மாதிரி. உறையைப் பிரித்தபின் அவள் கூண்டு கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சத்தம் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்திருக்கிறாள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குழாயைத் திறக்கிறவள் நான். அதில் தண்ணீர் விழும் சத்தமும், அதற்குக் கீழே வேறொரு சத்தமும் எனக்குத் தனித்தனியாகவே கேட்கும்.

"அப்பாகிட்ட என்னக்கா சொல்றது?" என்றாள். "எங்க பச்சிலை ஒலகத்துக்கே போவப் போவுதுன்னு ஊரு பூரா சொல்லிட்டு இருக்காரு."

"இன்னொரு வாட்டி செஞ்சு பாப்போம். எலிக்கும் ஒரு நல்ல நாளு வேணும்ல" என்றேன்.

அந்த இன்னொரு தடவைக்கு நான் உதவினேன். மூன்றாவது கூட்டத்துக்கான மாத்திரை என் அலமாரியில்தான் இருந்தது. அதில் கொஞ்சத்தைப் பொடித்து பச்சிலைக் கூட்டத்தின் தண்ணீர்ப் புட்டிகளில் கலந்தேன். அதிகமில்லை. அதிகமானால் எலி தூங்கி விழுந்துவிடும், தூங்கும் எலியை யாரும் அமைதியான எலி என்று எழுத மாட்டார்கள். எனக்கு எலிகளைத் தெரியும். எட்டு நாளில் அளவு கைக்கு வந்துவிட்டது. பச்சிலை எலிகள் திறந்த பக்கத்துக்கு வந்து, கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை மாலை உலாத்துகிறவர்கள் போல நடந்தன.

நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த எலிகள் அமைதியாக இருந்தன. அமைதியாக இருந்தன என்றுதான் அவளும் எழுதினாள். அதில் எந்த எழுத்து பொய்?

உறையைப் பிரித்த அன்று அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். உமி வாடையும் எலி வாடையுமாக நின்றவளைக் கட்டிக்கொண்டாள். "ஒங்க கை ராசி அக்கா" என்றாள். கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. கிளாட்வின் சார் பெயர் முதலில் இருந்தது. அவர் பெயருக்குக் கீழே அறிவுமதி. கடைசியில், சின்ன எழுத்தில், விலங்குகளைப் பராமரித்த திருமதி சலோமிக்கு நன்றி. அந்தப் பக்கத்தை அவள் எனக்காக அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வீட்டைச் சோதனை போட்டபோது உங்கள் ஆட்கள் அதைக் கழற்றி எடுத்துவந்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் நல்லது.

கட்டுரையோடு நின்றிருந்தால் நான் இப்போது இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் எலிக்கு வேலை செய்தது மனிதருக்கும் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது. கடற்கரைச் சாலைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் எண்ணெயைச் சோதிக்க அனுமதி கேட்டார்கள். வெறும் வாசனைதானே என்று, மனிதர்மேல் சோதிக்க அனுமதி தரும் கல்லூரிக் குழுவில் உள்ளவர்கள் ஒரே அமர்வில் ஒப்புக்கொண்டார்கள். அந்த அமர்வில் முந்திரி கேக் கொடுத்ததாக சார் சொன்னார்.

இல்லத்தில் இரண்டு கூடங்கள். ஒவ்வொன்றிலும் பதினொரு பேர். வயதானவர்களுக்குச் சாயங்காலம் ஆனால் ஒரு தவிப்பு வரும், மேடம். வீட்டுக்குப் போகணும் என்பார்கள், இல்லாத வீட்டுக்கு. அந்த நேரத்தில் ஒரு கூடத்தில் பச்சிலை எண்ணெய் மணக்கும், மறு கூடத்தில் பன்னீர் மணக்கும். யார் எவ்வளவு தவிக்கிறார்கள் என்று அறிவுமதி புள்ளி போடுவாள். எனக்கு அந்த இல்லத்தை நடத்தும் சிஸ்டர் சில்வியாவைப் பூசையில் பழக்கம். "சலோமி வந்தா பெருசுங்க பேச்சுக் கேக்கும்" என்று அவரே கல்லூரிக்கு எழுதி என்னை வரவழைத்தார். மாலை டீ கொடுக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எண்ணெய் தன்னால் வேலை செய்யாது என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஒருத்தி ஏமாந்து நிற்பாள் என்று முன்கூட்டியே தெரிந்தவர் சும்மா இருக்க முடியுமா? நீங்கள் இருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. நான் இருக்கவில்லை.

எலிக்கான அளவு தெரியும் சரி, மனிதருக்கான அளவு உனக்கு எப்படித் தெரியும் என்று நேற்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாததற்கு மறைக்கும் எண்ணம் காரணமில்லை, அப்போது டீ வந்தது. இப்போது சொல்கிறேன். சவரிநாதன் கோபக்காரர். தட்டு பறக்கும், பெஞ்சு பறக்கும், அடுத்த வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். அவருடைய கடைசி மூன்று வருடம் அப்படியில்லை. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பார், டிவி ஓடாவிட்டாலும் பார்ப்பார். கடவுள் தொட்டுவிட்டார் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தது எனக்கு, தூக்கம் வரவில்லை என்று போனதற்கு. சவரிநாதன் ஈரல் கெட்டுத்தான் இறந்தார், அது ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது. ஆகவே அதை நான் சேர்த்துக்கொள்வதில்லை. அது ஆய்வும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கணவர் இருந்திருக்க வேண்டும்.

இல்லத்தில் எல்லாம் ஒழுங்காகவே செய்தேன். பன்னீர்க் கூடத்து டீயில் ஒரு துளிகூடக் கலந்ததில்லை. இரண்டு கெட்டில், பச்சிலைக் கூடத்துக்கு நீல நூல், பன்னீர்க் கூடத்துக்கு வெள்ளை நூல். பச்சிலைக் கூடத்தில் ஜூலியட் அம்மா என்று ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மனைவி. டீ வாங்கும்போதெல்லாம் என் கையைத் தட்டிக்கொடுத்து "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். ஒரு நாள் விடாமல் சொன்னார்.

அதே கூடத்தில் செல்லக்கண்ணு. எண்பத்தோரு வயது, பஸ் கண்டக்டராக இருந்தவர். நாலரை மணி ஆனால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் பெயர்களைக் கூவ ஆரம்பித்துவிடுவார். நெடுங்காடு, திருநள்ளாறு, சுரக்குடி, வரிசை தப்பாகத்தான் வரும். ஏறு ஏறு, உள்ள போ உள்ள போ என்று மற்றவர்களையும் எழுப்பிவிடுவார். போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சில்லறை கேட்பார். அறிவுமதியிடம், "சுரக்குடிப் புள்ளையா நீ, ஒனக்கு டிக்கெட் வேணாம், குந்து" என்பார். அவளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அவருக்குப் போடும் புள்ளிதான் தாளிலேயே அதிகம்.

நாலாம் நாள் அவர் மெதுவாகக் கூவினார். ஏழாம் நாள் உதடு மட்டும் அசைந்தது. பத்தாம் நாள் ஜன்னல் பக்கமே போகவில்லை. அறிவுமதி பூஜ்யம் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோசமா இருக்கணும்ல நான்?" என்றாள் என்னிடம். "ஆனா அவரு சத்தம் இல்லாம என்னமோ மாதிரி இருக்குக்கா."

"பஸ்ஸு ஊரு போய்ச் சேந்துட்டுதுன்னு நெனச்சுக்க" என்றேன். சிரித்தாள்.

பதினேழாம் நாள் அவருக்குச் சளி பிடித்தது. டாக்டர் இருமல் மருந்து கொடுத்திருக்கிறார், அதுவே தூக்கம் தரும், மூச்சைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிஸ்டர் சில்வியா என்னிடம் சொன்னார். பத்தொன்பதாம் நாள் டீ ஊற்றும்போது, அவர் டம்ளரை மட்டும் வெள்ளை நூல் கெட்டிலில் இருந்து ஊற்றலாமா என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன், கெட்டிலை மாற்றிக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் ஒருவரை நடுவில் விட்டால் அவர் மறுபடி கூவுவார், அவள் அதற்குப் புள்ளி போடுவாள், ஏன் இவருக்கு மட்டும் நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்று கேட்பாள். ஆய்வு கெட்டுவிடும். கெட்டிலைத் திரும்ப மாற்றினேன்.

ஆறு மணி ஜெபத்துக்கு எழுப்பப்போனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

முகம் நன்றாக இருந்தது. எண்பத்தோரு வயது, சளி, எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் ரோஜாப்பூ மாலை வாங்கிப் போட்டேன். இருபத்தோராம் நாள் ஜூலியட் அம்மா பாத்ரூமுக்குப் போகும் வழியில் கால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இனி நடக்க மாட்டார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் மெர்சி சொன்னார்.

அறிவுமதி தாள்களை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ரெண்டுமே பச்சிலக் கூடத்துலதான்க்கா" என்றாள்.

"ரெண்டெல்லாம் ஒரு எண்ணிக்கையா? நீதான சொல்லுவ, பத்து எலிக்குக் கொறஞ்சா பேசவே கூடாதுன்னு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க எலி இல்லக்கா" என்றாள். மறுநாளே சார் தடுத்தும் கேட்காமல், இருபத்து மூன்றாம் நாளோடு சோதனையை நிறுத்திவிட்டாள். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளோடு வேலை செய்வதில் இதுதான் கஷ்டம்.

அதற்குப்பின் அவள் எனக்குத் தெரியாமல் ஒன்று செய்தாள், அவள் நோட்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் பூசைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்துக்கு வந்து, எலிகளைத் தானே தேர்ந்தெடுத்து, தண்ணீர்ப் புட்டியைத் தானே கழுவி நிரப்பி, எண்ணெயைத் தானே கொடுத்து, சோதனையைத் திரும்பச் செய்திருக்கிறாள். எண்ணெயில் விஷம் இருக்குமோ என்றுதான் அவள் பயந்திருக்கிறாள். தன்னுடைய எண்ணெய் இரண்டு பேரைக் கெடுத்துவிட்டதோ என்று. என் மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மூன்று ஞாயிறு செய்தாள். எலிகளுக்கு நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை. எல்லாம் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தன. மூன்றாவது ஞாயிறு பழைய புட்டி ஒன்றின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். அலமாரியில் மாத்திரைகளை எண்ணி, மாத்திரைப் பதிவேட்டோடு ஒப்பிட்டிருக்கிறாள். எவ்வளவோ பேர் கையெழுத்துப் போட்ட பதிவேடு அது, இருபத்திரண்டு வருடத்தில் எண்ணிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

போன திங்கட்கிழமை நான் லீவு. மதியம் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீயிலயும் கலந்தீங்களாக்கா?"

"மொதல்ல உக்காரு. மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு."

"கலந்தீங்களா?"

"கொஞ்சம்தான்" என்றேன்.

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு, "செல்லக்கண்ணு தாத்தா எனக்கு டிக்கெட் வேணாம்னாரு" என்றாள். நோட்டின் விளிம்பு சேலைக் கரை மாதிரி ஆடியது.

"ஒனக்காகத்தான செஞ்சேன்" என்றேன். "நீ அழுததப் பாக்க முடியல."

"நான் அழுதா அழுதுட்டுப் போறேங்க்கா. நான் போயி சொல்லப் போறேன். சிஸ்டர்கிட்ட, போலீஸ்ல, பத்திரிகைக்கு, எல்லாத்துக்கும். எம் பட்டம் போனாப் போவட்டும். நீங்களும் வாங்க. நீங்களே சொன்னா நல்லது, நான் கூட நிக்கிறேன்."

கூட நிற்கிறேன் என்றாள் பாருங்கள். பயந்த பிள்ளை ஒன்று வெயிலில் அவ்வளவு தூரம் ஸ்டேஷனுக்கு நடந்து போவதை நான் எப்படி விடுவேன்?

"சரி, வர்றேன்" என்றேன். "காலையிலேருந்து சாப்புட்டியா நீ?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"ஒரு டம்ளர் மோரு குடி. நான் சேலை மாத்திக்கிட்டு வர்றேன், சேந்து போவலாம்."

நான் சமையற்கட்டுக்குப் போய்க் கலந்துகொண்டு வந்தேன். எல்லாம் தெரிந்த பிறகும் அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக் குடித்தாள். இந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். நான் கெட்டவள் என்று அவள் நினைத்திருந்தால் குடித்திருப்பாளா? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உப்பு கூடப்போச்சுக்கா" என்றாள். கசப்பு தெரியாமலிருக்க உப்பைக் கூட்டித்தான் போட்டிருந்தேன்.

ஒரு மணிக்குள் தூங்கிவிட்டாள். தலையணை வைத்து, ஃபேனைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். நோட்டை அரிசி டின்னுக்குள் வைத்தேன், அது இன்னும் அங்கேதான் இருக்கும், உங்கள் ஆட்கள் அரிசியைக் கிளறிப் பார்க்கவில்லை. தூங்கி எழுந்தால் மனசு மாறியிருக்கும், மாறாவிட்டால் இன்னொரு டம்ளர் கொடுக்கலாம் என்று இருந்தேன். பழக்க தோஷம், மூச்சை எண்ணிக் காலண்டர் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டு மணிக்கு, நிமிடத்துக்குப் பதினாலு. மூன்று மணிக்குப் பத்து. நாலு மணிக்கு ஏழு. ஏழு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம்கூட இல்லை. நான் ஏழு என்று எழுதி, கீழே கோடு போட்டேன்.

அவளுடைய அப்பா நடுவில் ஒரு தடவை போன் பண்ணினார். அவள் போனை நான் எடுத்தேன்.

"பாப்பா அங்கயாங்க இருக்கு?"

"இங்கதாங்க, அசந்து தூங்குது."

"தூங்கட்டுங்க, தூங்கட்டும். நாலு நாளா கண்ணு மூடல. ஒங்க வூடுன்னாத்தான் அதுக்குத் தூக்கம் வருது" என்றார்.

அந்த மனிதருக்கு அப்புறமும் ஏதோ மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அஞ்சு மணிக்கு வண்டியில் வந்து நின்றார். மகளைக் கூப்பிட்டார், தட்டினார், தூக்கி உட்கார வைத்தார். தலை தொங்கியது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடி, வந்த ஷேர் ஆட்டோவை நடுவில் மறித்து ஏறினார். செருப்பு ஒன்று என் வாசலிலேயே கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தேன்.

இனி நீங்கள் கேட்டபடி நேராக எழுதுகிறேன். எல்லாம் நானே பொடித்தேன், நானே கலந்தேன், நானே கொடுத்தேன். எலிகளுக்கு நாற்பது நாள், இல்லத்தில் இருபத்து மூன்று நாள், சவரிநாதனுக்கு மூன்று வருடம், அறிவுமதிக்கு ஒரு வேளை. தவறுதலாக நடந்தது ஒன்றுமில்லை. கிளாட்வின் சாருக்கு எதுவும் தெரியாது, அவருக்கு எதுவுமே தெரியாது என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். அறிவுமதிக்கும் இதில் சம்பந்தமில்லை, அவள் பட்டத்தைப் பறிக்க வேண்டாம் என்று என் பெயரில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அவளுக்காக நான் செய்யும் கடைசி உதவி இது என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் கடைசி என்று நினைக்கவில்லை.

இன்று காலை உங்கள் காவலர் சுஹைனா அவளுக்கு நினைவு திரும்பிவிட்டது என்று சொன்னார். பிழைத்துவிட்டாளாம். நான் நிம்மதியாக இரண்டு இட்லி சாப்பிட்டேன். ஆனால் நர்ஸ் கொடுக்கும் தண்ணீரைக்கூட வாங்க மாட்டேன் என்கிறாளாம், யார் டம்ளரை நீட்டினாலும் கையைத் தட்டிவிடுகிறாளாம், பெற்ற தாய் கொடுத்தாலும் முதலில் அவளைக் குடிக்கச் சொல்கிறாளாம். பிள்ளையின் பயத்தை எப்படிப் போக்குவது என்று டாக்டர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லையாம். அவர்களுக்கு எப்படிப் பிடிபடும், பாவம், அவளைத் திங்கட்கிழமை முதல்தானே தெரியும். என்னைப் பத்து நிமிடம் உள்ளே விடச் சொல்லுங்கள், மேடம். என் கையால் கொடுத்தால் குடித்துவிடுவாள்.